வீடியோ கேட்டு ஸ்னேர் டிரம்மை (அடித்தோலை ஒட்டிக் கம்பிகள் பூட்டிய டிரம்) தேர்ந்தெடுக்கிறீர்களா?

முதலில் போன் ஸ்பீக்கரை விட்டு நல்ல ஹெட்போனுக்கு மாறுங்கள். 14 அங்குல ஸ்னேரின் அடிநாதம் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கும். சின்ன ஸ்பீக்கரில் அது தேய்ந்துபோய் வெறும் ‘சட்’ மட்டும் மிஞ்சும்.

ஸ்டுடியோ பதிவுகளில் ஈக்யூ, கம்ப்ரஷன், ரிவெர்ப் என ஒலியை மாற்றும் மெருகுகள் எல்லாம் ஏறியிருக்கும். போனில் எடுத்த பதிவோ, ஓங்கிய அடியையும் மெல்லிய தட்டையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கிவிடும். அதனால் இரண்டு வெவ்வேறு வீடியோக்களை ஒப்பிடவே வேண்டாம். ஒரே அறை, ஒரே மைக், ஒரே வகைத் தோல், ஒரே ட்யூனிங்கில் பல டிரம்களை வாசித்துக்காட்டும் பதிவைத் தேடுங்கள்.

அதிலும் கோஸ்ட் நோட்களில், அதாவது மிக மெல்லிய தட்டுகளில்தான் உண்மை தெரியும்: மெதுவாகத் தட்டும்போதும் அடியிலுள்ள கம்பிகள் உடனே பேசுகின்றனவா? தோலையும் விளிம்பையும் ஒருசேர அடிக்கும் ரிம்ஷாட்டில் சுமாரான ஸ்னேரும் கம்பீரமாகவே ஒலிக்கும். என்ன தோல், எவ்வளவு இறுக்கம் என்று சொல்லாத பதிவை வைத்து மர டிரம்மா, பித்தளை டிரம்மா என்று முடிவெடுக்காதீர்கள்.