நாள் தள்ளிப்போனால்: கருவுற்றிருப்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளும் முறை

நம் பாட்டிமார் ஒரு பெண் கருவுற்றிருப்பதை 'முழுகாமல் இருக்கிறாள்' என்றுதான் சொல்வார்கள். மாதவிலக்குக்குப் பின் தலைமுழுக வேண்டிய நாள் வந்தும் அவள் முழுகவில்லை என்பதே அச்சொல்லின் பொருள். வாந்தியையோ மயக்கத்தையோ மாங்காய் ஆசையையோ அவர்கள் முதல் அடையாளமாகக் கொள்ளவில்லை. நாள் கணக்கையே கொண்டார்கள். இன்றைய மருத்துவமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. மசக்கை வந்தால்தான் கர்ப்பம் என்று எண்ணிக் காத்திருக்கும் பெண்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள். ஆனால் குமட்டல் பெரும்பாலும் ஆறாவது வாரத்தையொட்டி, அதாவது நாள் தள்ளிப்போய் ஏறக்குறைய இரண்டு வாரம் கழிந்த பிறகே தலைகாட்டுகிறது. சிலருக்கு வருவதே இல்லை.

அந்த இரண்டு வாரம் சிறிய காலமன்று. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடுவதற்குத் துணைசெய்யும் ஃபோலிக் அமிலத்தை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வீதம், குழந்தைக்குத் திட்டமிடும்போதே உட்கொள்ளத் தொடங்குவது நல்லது. திட்டமிடாமல் கருவுற்றவர்கள் அதை அறிந்த அன்றே தொடங்கலாம். ஆகவே ஒரு வாரம் முன்னதாக அறிவதில் உண்மையான பயன் உண்டு.

முதல் வேலை, நாளைச் சரியாக எண்ணுவது. கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு பெண், திருமணமாகி எட்டு மாதத்தில், "அக்கா, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கா இல்லையான்னே தெரியல" என்று கேட்டுக்கொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். சமையலறைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியை இறக்கி மேசையில் வைத்து இருவரும் எண்ணினோம். இரத்தப்போக்கு நின்ற நாளிலிருந்து அவள் எண்ணி வந்திருந்தாள். அதனால்தான் கணக்கில் ஐந்து நாள் குறைந்தது. எண்ண வேண்டியது இரத்தம் தொடங்கிய முதல் நாளிலிருந்து. மார்ச் 3-ஆம் தேதி மாதவிலக்குத் தொடங்கி, சுழற்சி 28 நாளாக இருந்தால், அடுத்தது மார்ச் 31-இல் வர வேண்டும். அன்று வராவிட்டால் நாள் தள்ளிப்போயிற்று என்று பொருள். கருவுற்றிருந்தால் மருத்துவக் கணக்கில் அன்றைக்கே நான்கு வாரக் கர்ப்பம். கணவனும் மனைவியும் சேர்ந்து இரண்டு வாரம்தானே ஆகிறது என்று பலர் குழம்புவது இதனால்தான். கர்ப்பத்தின் 40 வாரமும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே எண்ணப்படுகிறது.

எல்லாருக்கும் 28 நாள் சுழற்சி இருப்பதில்லை. 21 முதல் 35 நாள் வரை இயல்பானதே. எனவே கடைசி மூன்று மாதத் தேதிகளையாவது கைப்பேசியிலோ நாள்காட்டியிலோ குறித்து வைத்திருங்கள்.

மாதவிலக்கு வர வேண்டிய நாளுக்குச் சற்று முன்னதாகச் சிலருக்கு உள்ளாடையில் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஒன்றிரண்டு சொட்டுக் கறை தெரியும். கரு, கருப்பையின் சுவரில் பதியும் காலத்தில், அதாவது சினைமுட்டை வெளிப்பட்ட 6 முதல் 12 நாளுக்குள், இது நேரலாம். ஓரிரு நாளில் நின்றுவிடும். கட்டி கட்டியாக வராது. பேடு நனையும் அளவுக்கும் போகாது. இதை மாதவிலக்கு என்று எண்ணிவிட்டால் நாள் கணக்கு ஒரு மாதம் பிசகிவிடும். வழக்கத்தைவிட மிகக் குறைவாகவும் குறுகிய நாட்களுக்கும் வந்திருந்தால், அதை நம்பி நிம்மதியடையாமல் சோதித்துப் பார்ப்பதே சரி.

உடல் தரும் பிற அடையாளங்களில் மார்பகத்தில் தெரிவது முந்தியது. மார்பு கனத்து, உள்ளாடை உரசினாலே வலிக்கும். சில வாரங்களில் காம்பைச் சுற்றிய வட்டம் கருமையடையும். அடுத்தது களைப்பு. இரவு நன்றாக உறங்கியும், வேலைக்குப் போகும் எல்ஆர்டி இரயிலில் உட்கார்ந்தவுடன் கண் சொருகும். அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும், மலச்சிக்கல் வரும், அடிவயிறு இலேசாக இழுத்துப் பிடிக்கும். மூக்கு கூர்மையடைவதைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன்: நேற்றுவரை விரும்பிச் சாப்பிட்ட நெத்திலிச் சம்பால், இன்று பெலாச்சான் என்னும் இறால் விழுது வதங்கும் வாடை பட்டதுமே அடுப்படியை விட்டு ஓடவைக்கும். குமட்டல் காலையில் மட்டும் வரும் என்பது தவறு; மாலையிலும் நள்ளிரவிலும் வரலாம். ஒன்பதாவது வாரத்தையொட்டி அது உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலோருக்கு நான்காம் மாதத்துக்குள் தணியும்.

இவற்றில் எதையும் தனியாக நம்பிவிடக் கூடாது. மாதவிலக்குக்கு முன் வரும் மார்பு வலிக்கும் களைப்புக்கும் காரணமான புரோஜெஸ்டரோன் என்னும் சுரப்புநீர்தான் கர்ப்பத்திலும் அவற்றை உண்டாக்குகிறது. ஆகையால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். குழந்தைக்காக ஏங்கியிருப்பவர்கள் ஒவ்வொரு மாதமும் இந்த ஒற்றுமையால் நம்பி மனமுடைவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் காய்ச்சலும் இருந்தால், அது கிருமித்தொற்றாக இருக்கக்கூடும். கர்ப்ப அறிகுறி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உறுதி செய்வது சிறுநீர்ச் சோதனை. கிளினிக்குகளில் யூபிடி என்பார்கள். ஃபார்மசியில் சில வெள்ளிக்கே டெஸ்ட் கிட் கிடைக்கும். கரு பதிந்த பிறகு சுரக்கும் எச்சிஜி என்ற சுரப்புநீரையே அது கண்டறிகிறது. தொடக்க வாரங்களில் அது இரண்டு மூன்று நாளுக்கொரு முறை ஏறக்குறைய இரட்டிப்பாவதால், நாள் தள்ளுவதற்கு முன்பே அவசரப்பட்டுச் சோதித்தால் கர்ப்பம் இருந்தும் இல்லையென்று காட்டலாம். நாள் தள்ளிப்போன பிறகு, காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில் சோதியுங்கள். முந்திய இரவு நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் அது நீர்த்துப்போயிருக்கும். பெட்டியின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, குச்சியைச் சமதளத்தில் வைத்து, அதில் எழுதியுள்ள நிமிடம் வரை, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடம், காத்திருங்கள்.

குச்சியில் சி (C) என்ற இடத்தில் கோடு விழுந்தால் சோதனை முறையாக நடந்திருக்கிறது. அது விழாவிட்டால் வேறொரு குச்சி வேண்டும். டி (T) என்ற இடத்தில் வண்ணத்தோடு விழும் கோடு, எவ்வளவு மங்கலாக இருந்தாலும், கர்ப்பத்தையே பெரும்பாலும் குறிக்கும். ஆனால் குப்பையில் போட்ட குச்சியை அரைமணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், ஈரம் காய்ந்ததால் நிறமற்ற சாம்பல் கோடு ஒன்று தெரியக்கூடும். அதைக் கணக்கில் கொள்ளாதீர்கள். இல்லையென்று காட்டியும் மாதவிலக்கு வரவில்லையானால், ஒரு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் எச்சிஜி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த ஊசியே கோட்டை வரவழைத்துவிடலாம் என்பதால், சோதிக்கும் நாளை அவர்களின் மருத்துவரே சொல்ல வேண்டும்.

சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு கோளாறு, கடும் மன அழுத்தம், திடீர் எடை மாற்றம், தாய்ப்பாலூட்டல், அவசரக் கருத்தடை மாத்திரை ஆகியவற்றாலும் நாள் தள்ளிப்போகும். சுழற்சி ஒழுங்கில்லாதவர்கள், உடலுறவு கொண்டு மூன்று வாரம் கழித்துச் சோதிப்பது நம்பகமானது.

சந்தேகம் இருக்கும் நாட்களில் மதுவையும் புகையையும், ஜாமு, மக்ஜூன் போன்ற மலாய் மூலிகை மருந்துகளையும் நிறுத்திவிடுங்கள். தீட்டை வரவழைக்கும் கஷாயம் என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எக்ஸ்ரே எடுக்கப்போனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடுபவர்கள் உடனே நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். வலிப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாமல், அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இரண்டு கோடு விழுந்ததும் அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். தனியார் கிளினிக்கில் ஸ்கேன் பார்க்க நினைத்தாலும், 12 வாரத்துக்குள் பதிவு செய்துகொள்வது முக்கியம். அங்கே மிஸ்ஸி, அதாவது தாதி, முதலில் கேட்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாளைத்தான். பின்னர் இரத்தப் பிரிவு, இரத்தச்சோகை, ஹெச்ஐவி, சிஃபிலிஸ் சோதனைகள் நடந்து, உங்கள் பெயரில் இளஞ்சிவப்பு அட்டைப் புத்தகம் தொடங்கப்படும். நம் குடும்பங்களில் நீரிழிவு மிகுதி என்பதால், பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ அது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரைச் சோதனையை முன்கூட்டியே செய்வார்கள்.

ஐந்தாவது வாரத்தில் ஸ்கேனில் கருப்பைக்குள் கரு வளரும் சிறு பை மட்டும் தெரிந்து வேறொன்றும் தெரியவில்லை என்றால், அதற்காகவே அழ வேண்டாம். இதயத் துடிப்பு ஆறாவது வாரத்தையொட்டித்தான் தெரியத் தொடங்கும்; வயிற்றின் மேலிருந்து பார்க்கும் ஸ்கேனில் இன்னும் சில நாள் தாமதமாகும். மருத்துவர் சொல்லும் நாளில் திரும்பப் போனால் போதும்.

ஆனால் அடிவயிற்றின் ஒருபக்கம் கடுமையாக வலித்தால், தோள்பட்டை நுனியில் வலி கண்டால், தலைசுற்றி மயக்கம் வந்தால், இரத்தம் மிகுந்து போனால், கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கியிருக்கக்கூடும். அப்போது கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. மாமியாரோ கணவரோ வீட்டுக்கு வரட்டும் என்றும் இருக்கக் கூடாது. 999-ஐ அழைத்தோ பக்கத்து வீட்டாரின் காரிலோ மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.