டேபிள்டாப் ரோல்-பிளேயிங் கேம்: புதிதாக ஆட வரும் பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முப்பது நாற்பது வயதில் இந்த ஆட்டத்தின்மேல் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, விதிப்புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவது. இந்த வகையில் பலருக்கும் தெரிந்த ஆட்டமான டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024ஆம் ஆண்டு விதிப்புத்தகம், ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’, 384 பக்கம். நூறு பக்கம் தாண்டுவதற்குள் மலைத்துப்போய், ‘இது நமக்குச் சரிப்பட்டு வராது’ என்று மூடி வைத்துவிடுகிறார்கள். பரீட்சைக்குப் போவதுபோல எல்லாம் படித்து முடித்துவிட்டுத்தான் மேசையில் உட்கார வேண்டும் என்ற இந்த நினைப்புதான் பெரியவர்கள் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

அடிப்படையில் இது நாலைந்து பேர் கூடிப் பேசுவது. கதையை நடத்துபவரான கேம் மாஸ்டர் நிலைமையைச் சொல்வார். உங்கள் கேரக்டர், அதாவது கதைக்குள் நீங்கள் ஏற்கும் பாத்திரம், என்ன செய்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். என்ன ஆகும் என்பது நிச்சயமில்லாதபோது மட்டும் பகடை வரும். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 20 முகப் பகடையை உருட்டி, கேரக்டர் ஷீட்டில் (கேரக்டரின் திறமைகளைக் குறித்த தாள்) அந்தத் திறமைக்கு நேரே இருக்கும் எண்ணைக் கூட்டி, கேம் மாஸ்டர் நிர்ணயித்த இலக்கை எட்டினால் வெற்றி. முதல் நாளுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். மீதியை ஆடும்போது பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லித் தருவார்கள்.

அடுத்த தவறு மேசையில் உட்கார்ந்த பிறகு வருவது: கேரக்டர் ஷீட்டை ஒரு மெனுவாக நினைப்பது. கோட்டை வாசலில் ஒரு காவலர், கையில் மங்கி எரியும் விளக்கோடு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர் தாளில் விரலை ஓட்டிவிட்டு, “பெர்ஸுவேஷன் உருட்டட்டுமா?” என்கிறார், அதாவது பேசி இணங்கவைக்கும் திறமைக்குப் பகடை. உருட்டலாம்; ஆனால் அங்கே எதுவும் நடக்கவில்லை. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “என் பையில் இருக்கும் எண்ணெய்க் குப்பியை அவரிடம் நீட்டி, ‘விடியவிடிய நிக்கணுமே, வெச்சுக்கங்க’ என்கிறேன்.” இப்போது கேம் மாஸ்டருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைக்கிறது. பகடையே வேண்டாம் என்று உள்ளே விடலாம். அல்லது ‘அட்வான்டேஜ்’ தரலாம், அதாவது இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இலக்கு 15, உங்கள் கூட்டல் எண் 3 என்றால் ஒரே உருட்டலில் வெற்றி வாய்ப்பு 45 சதவீதம்தான். அட்வான்டேஜோடு அது ஏறக்குறைய 70 ஆகிவிடும். ஒரு குப்பி எண்ணெயைக் கவனித்ததற்கான பலன் அது.

மிச்சம் 30 சதவீதம் வந்து தோற்றால்? காவலர் எண்ணெயை வாங்கிக்கொண்டு, “இங்கேயே நில்லுங்க, தலைவரைக் கூட்டிட்டு வர்றேன்” என்று போகிறார். உங்களுக்குப் புதுச் சிக்கல், கதைக்குப் புதுத் திருப்பம். வேலையில் பிழையே செய்யக்கூடாது என்று பழகிய பெரியவர்கள் தோல்விக்குப் பயந்து, ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் அரை மணி நேரம் திட்டம் போடுகிறார்கள். கதவைத் திறந்துவிடுங்கள். இந்த ஆட்டத்தில் சிக்கலில் மாட்டுவதுதான் சுவாரஸ்யம்.

கேரக்டர் உருவாக்கும்போது நடக்கும் தவறைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு குழுவையே உடைக்கக்கூடியது அது. யாரையும் நம்பாத, தனியாகத் திரியும், இருண்ட கடந்தகாலம் கொண்ட ஒருவரைப் பத்துப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வருவார்கள். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் மற்ற மூவரும் ஊருக்குள் போகும்போது அவர் காட்டிலேயே இருப்பேன் என்பார். கேட்டால், “என் கேரக்டர் அப்படித்தான்.” அந்தக் கேரக்டரை அப்படி அமைத்தவர் நீங்கள்தானே? கடந்தகாலத்தை நாலு வரியில் நிறுத்துங்கள். அதில் ஒரு வரி, இந்தக் கூட்டத்தோடு ஏன் சேர்ந்து போகிறார் என்பதாக இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவரின் கேரக்டரோடு ஏதாவது ஓர் உறவு வைத்தால் இன்னும் நல்லது: கடன்பட்டவர், கூடப்பிறந்தவர், ஒரே சிறையில் இருந்தவர். கேரக்டரின் வகையைப் பொறுத்தவரை, டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸில் விஸர்ட் (மந்திரவாதி) எடுத்தால் முதல் நிலையிலேயே 3 கேன்ட்ரிப்பும் (எளிய சிறு மந்திரம்) மந்திரப் புத்தகத்துக்கு 6 மந்திரங்களும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபைட்டருக்கு (போர்வீரர்) அந்தப் பாரம் இல்லை. மந்திரம்தான் ஆசை என்றால் எடுங்கள். சேர்ந்து தேர்ந்தெடுக்க ஒருவரை உதவிக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

குரல் மாற்றி நடிக்கத் தெரியவில்லையே என்று ஒதுங்குகிறவர்களும் உண்டு. இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டும், 2015இல் தொடங்கிய ‘கிரிட்டிக்கல் ரோல்’ போன்ற இணைய நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு வரும் பயம் அது. அதில் ஆடுபவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள். “என் கேரக்டர் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்கிறாள்” என்று சாதாரணக் குரலில் சொல்வதும் முழுமையான ஆட்டம்தான்.

பணத்தை முன்னாலேயே கொட்டாதீர்கள். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வெளிவந்தது. 1974இல் வந்த அந்த ஆட்டம் மட்டுமே உலகம் என்றும் நினைக்க வேண்டாம். வாளும் டிராகனும் ஈர்க்கவில்லையா? 1981இன் ‘கால் ஆஃப் கதுலு’ திகில் துப்பறிதல். 1 முதல் 100 வரை எண் தரும் சதவீதப் பகடையில் ஓடும். ‘லேஸர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ விண்வெளிக் கதை. விதிகள் மொத்தமே ஒரு பக்கம். ‘ஃபியாஸ்கோ’வுக்குக் கேம் மாஸ்டரே தேவையில்லை.

ஆட்டத்துக்கு முன் கூடிப் பேசும் ‘செஷன் ஸீரோ’வை, பெரியவர்கள்தானே, எதற்கு என்று தவிர்ப்பது தவறு. பெரியவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. குழந்தை இழப்பு, சித்திரவதை என்று யாருக்கு எது தாங்காது என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. எது வரவே கூடாது, எது வந்தாலும் விவரிக்காமல் கடந்துவிட வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சங்கடமாகிவிட்டால் தொட்டுக் காட்ட ‘எக்ஸ்-கார்டு’ இருக்கிறது: எக்ஸ் எழுதிய ஒரு சீட்டு. யாரும் காரணம் கேட்கக்கூடாது. அந்தக் காட்சியை மாற்றிவிட்டுத் தொடர வேண்டும்.

கடைசியாக, எடுத்த எடுப்பில் இரண்டு வருடம் ஓடும் கேம்பெயினுக்கு (பல அமர்வுகளில் தொடரும் கதை) ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலையும் குடும்பமும் இருக்கிறவர்களின் குழுக்கள் பெரும்பாலும் தேதி ஒத்துவராமல்தான் கலைகின்றன. மூன்று நான்கு மணி நேரத்தில், ஒரே அமர்வில் முடியும் ஒரு ‘ஒன்-ஷாட்’ கதையை ஆடுங்கள். பிடித்திருந்தால், எல்லோரும் எழுந்து போவதற்குள் அடுத்த தேதியைக் குறித்துவிடுங்கள். ஐந்து பேரில் ஒருவர் வர முடியாமல் போனால் ஆட்டத்தை ரத்து செய்வதா, நாலு பேரோடு நடத்துவதா என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.