மைலேஜுக்கு முன்னால் கேட்க வேண்டியவை

புது வண்டி வாங்கியவரைப் பார்த்ததும் நம் ஊரில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது?" என்பதுதான். பெட்ரோல் விற்கும் விலையில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்தே எந்த வண்டி என்று முடிவு செய்துவிடுகிறோமே, அதுதான் என் ஆதங்கம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலைக்குப் போய்வர தினமும் 20 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 6,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 133 லிட்டர் ஆகும். 60 கொடுக்கும் பைக்குக்கு 100 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் ஆண்டுக்கு 3,300 ரூபாய், மாதத்துக்கு 275 ரூபாய். இந்த 275 ரூபாய்க்காக, வீட்டில் மூன்று பேர் எடுத்து ஓட்டக்கூடிய ஸ்கூட்டரை விட்டுவிட்டு, ஒருவருக்கு மட்டுமே ஓட்டத் தெரிந்த கியர் வண்டியை வாங்கி வந்து நிறுத்துகிறார்கள். செங்கல்பட்டிலிருந்து தாம்பரத்துக்கு வேலைக்கு வருபவரின் கதை வேறு. போய்வர 60 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அதே வித்தியாசம் ஆண்டுக்கு 10,000 ரூபாயாகிவிடும். அவர் 100 சிசி பைக் வாங்குவதில் முழு நியாயம் இருக்கிறது. ஆக, முதலில் தெரிய வேண்டியது நீங்கள் ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்பது. வண்டியின் மைலேஜ் அதற்குப் பிறகுதான்.

அடுத்த தவறு எனக்கு இன்னும் கோபத்தைத் தருவது. மனைவிக்கு, மகளுக்கு, தங்கைக்கு என்று சொல்லி வண்டி வாங்கப் போகிறவர்கள், ஓட்டப்போகிற அந்தப் பெண்ணை ஷோரூமுக்கு அழைத்துப் போவதில்லை. போனாலும் நிறம் பார்க்கத்தான் அழைத்துப் போகிறார்கள். ஓட்டப்போகிறவர் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிப் பார்க்க வேண்டும். இருக்கையின் உயரத்தை மட்டும் பட்டியலில் படித்துப் பயனில்லை. ஸ்கூட்டர் இருக்கை அகலமானது. கால்களை அகட்டி வைக்க வேண்டியிருப்பதால், உயரம் குறைவான ஸ்கூட்டரில்கூடக் குட்டையானவருக்குக் குதிகால் தரையில் படாமல் போகலாம். சிக்னலில் நிற்கும்போது நுனிக்காலில் தள்ளாடுகிறவர் பின்னால் ஆள் ஏறியதும் சாய்ந்துவிடுவார்.

ஷோரூமில் யாரும் செய்து பார்க்காத சோதனை ஒன்று உண்டு. சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி இறக்கி, பிறகு வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். நம் தெருக்களை நினைத்துக்கொண்டு செய்யுங்கள். சாக்கடைக்கு மேலே சிமெண்ட் பூசிய ஒரு சரிவு, அதைத் தாண்டி வாசல்படி, அதற்குள்ளே ஏற்கெனவே இரண்டு வண்டிகள், ஒரு துளசி மாடம். இரவு ஒன்பது மணிக்கு வந்து அந்தச் சரிவில் வண்டியை ஏற்றப்போகிறவர் யார்? எக்ஸ்எல் 100 மொபெட்டின் எடை 90 கிலோவுக்கும் குறைவு. ஆக்டிவா ஸ்கூட்டர் 105 கிலோ அளவில் இருக்கிறது, ஸ்பிளெண்டர் பைக் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியோ 195 கிலோ. கடைவீதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வர அந்த 195 கிலோவைத் தினமும் உருட்டப் போகிறோமா என்பதை வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

சாலையை மறந்துவிட்டு வாங்குவதும் பரவலான தவறு. ஆக்டிவாவின் முன்சக்கரம் 12 அங்குலம், பின்சக்கரம் 10 அங்குலம். ஸ்பிளெண்டரில் இரண்டும் 18 அங்குலம். சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறும் இடத்தில் பெரிய சக்கரம் விளிம்போடு கடந்துவிடும். மழை பெய்து பள்ளமெல்லாம் தண்ணீரில் மறைந்திருக்கும் நாளில் இந்த வித்தியாசம் கைகளில் தெரியும். தார் நன்றாக இருக்கும் நகரத் தெருவுக்கு ஸ்கூட்டர் அருமையான வண்டி. தோட்டத்து மண்பாதையிலும் ஜல்லி கொட்டிய கிராமச் சாலையிலும் தினம் போகிறவர் பெரிய சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

மலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கியர் வண்டியில் இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டரில் வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாகவே விலகிவிடுவதால் அந்தப் பிடி இல்லாமல் போகிறது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. தொடர்ந்து அழுத்தினால் டிரம் பிரேக் சூடேறிப் பிடிமானம் தளரும். எப்போதாவது சுற்றுலா போகிறவர் நிறுத்தி நிறுத்தி இறங்கிக்கொள்ளலாம். ஏற்காட்டிலோ கோத்தகிரியிலோ குடியிருந்து தினமும் ஏறி இறங்குகிறவர் கியர் வண்டியை விட்டுவிடக் கூடாது.

என்ன ஏற்றப்போகிறோம் என்பதைப் பலர் வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். 20 லிட்டர் வாட்டர் கேன், 25 கிலோ அரிசி மூட்டை, காய்கறிப் பை எல்லாவற்றுக்கும் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடம் தட்டையாக இருக்க வேண்டும். சில மாடல்களில் நடுவே மேடாக இருக்கும். பார்க்க அழகு, கேன் நிற்காது. எக்ஸ்எல் வண்டியை ஏளனமாகப் பார்ப்பவர்கள் விடிகாலையில் பால் கேன்களோடும் புல்லுக்கட்டோடும் போகிறவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும். அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி நம் கடைகளில் இல்லை என்பதே என் கருத்து.

பின்னால் உட்காரப்போகிறவரும் வண்டியின் சொந்தக்காரர்தான். பைக்கில் பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் கட்டை, துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. அந்த சாரி கார்டைத்தான் "அசிங்கமாக இருக்கிறது" என்று முதல் வாரத்திலேயே கழற்றிப் போடுகிறார்கள். புடவை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்த யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள். பின்பக்கம் தூக்கலாக இருக்கும் 125 சிசி பைக்கில் அறுபது வயது அம்மாவால் ஏற முடியுமா என்பதையும் அவரை ஏற்றிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு, திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அந்த விதிப்படி 125 சிசி வரையிலான சிறிய வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கை அழுத்தினால் இன்னொன்றும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் இருந்தாலே போதும். ஒரே மாடலில் டிரம், டிஸ்க் இரண்டும் கிடைத்தால் அலாய் சக்கரத்துக்கும் ஸ்டிக்கருக்கும் கொடுக்கும் பணத்தை டிஸ்க்குக்குக் கொடுங்கள்.

மின்சார ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் "ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். விளம்பரத்தில் சொல்லும் தூரம் சோதனைச் சூழலில் கிடைத்தது, சாலையில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். அதைவிடப் பெரிய கேள்வி, வண்டி நிற்கும் இடத்தில் உங்கள் மீட்டரிலிருந்து மின்சாரம் எடுக்க வழி இருக்கிறதா என்பது. மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர் வீட்டுக்காரரிடம் பேசி முடித்துவிட்டு முன்பணம் கட்டுவதே முறை. சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா, அறுபது கிலோமீட்டர் தள்ளியா என்பதையும் கேளுங்கள். பெட்ரோல் வண்டியைப் போலத் தெருமுனை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போக முடியாது.

விலை விஷயத்தில் ஒன்று மட்டும். ஷோரூம் விலை, வாழ்நாள் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், உதிரிச் சாமான் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், ஆனால் அதை அந்தக் கடையிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், "பதினாறு வயதில் லைசென்ஸ் உண்டே" என்கிறார்கள். அந்த லைசென்ஸ் 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். ஆக்டிவா, ஜூபிடர், எக்ஸ்எல் 100 எதுவுமே அந்த வரம்புக்குள் வராது. சிறுவர் ஓட்டிக் குற்றம் செய்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டுவரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது முடியும்வரை லைசென்ஸும் கிடைக்காது.