மோனேயின் கடலோரத் தோட்டத்தைப் பார்க்கும் முறை

குளோத் மோனே 1867-இன் கோடையில், பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகத்தை அடுத்த சேன்த்-அத்ரெஸில் தீட்டிய தோட்ட ஓவியம், இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. சுமார் 98 செ.மீ. உயரமும் 130 செ.மீ. அகலமும் கொண்ட அதை முதலில் சில அடி தள்ளி நின்று பாருங்கள். தோட்டம், கடல், வானம் ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகளாகத் தெரியும். அவற்றை இரு கொடிக்கம்பங்கள் செங்குத்தாக இணைக்கின்றன. உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் அமைந்த இந்தத் தட்டையான அமைப்பு, அக்காலப் பாரிஸ் ஓவியர்கள் விரும்பிச் சேகரித்த ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப் படங்களை நினைவூட்டுகிறது. சீனம், ஜப்பான் என்ற சொற்களை அன்று பெரிதும் வேறுபாடின்றிப் பயன்படுத்தியதால், மோனேயே இதைக் ‘கொடிகள் உள்ள சீன ஓவியம்’ என்று குறிப்பிட்டதில் வியப்பில்லை.

பிறகு நெருங்கிச் சென்று, பூக்களிடம் நெடுநேரம் நில்லுங்கள். என்னைப் பொறுத்தவரை ஓவியத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இதழ் இதழாக வரையப்படாத அந்தச் சிவப்பு, வெறும் தூரிகைத் தீற்றல்களாகப் பச்சையின்மேல் அமர்ந்து, பக்கத்து நிறத்தாலேயே சுடர்கிறது. கடலின் சிற்றலைகளும் அவ்வாறே பச்சையும் நீலமுமான தனித்தனித் தீற்றல்கள்தாம். மனிதர்களோ இன்னும் பழைய முறையில், தெளிவான விளிம்புகளுடன் இருக்கிறார்கள். பனாமா தொப்பியுடன் அமர்ந்திருப்பவர் மோனேயின் தந்தை.

இறுதியாக, அடிவானத்துக் கப்பல்களில் பாய்மரத்தையும் நீராவிப் புகையையும் பிரித்துப் பாருங்கள்.