மாரி மழையில் மோட்டார் சைக்கிள்: கார்த்திகை, மார்கழியில் ஊருக்கு வருவோருக்கு

ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு அதிகம் தேவைப்படாது. அப்போது வெயிலும் சோளகம் கிளப்பும் புழுதியும்தான். மாவீரர் நாளுக்கு வருகிறவர்களும், பிள்ளைகளின் நத்தார் விடுமுறையோடு வருகிறவர்களும் இறங்குவது மாரியின் நட்டநடுவில். இலங்கையின் வடக்கில் ஒரு வருடத்துக்கு விழும் மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசெம்பரில் புரெவி, 2025 நவம்பரில் டிட்வா என்று புயல்களும் இதே மாதங்களில்தான் வந்தன.

வந்த இரண்டாம் நாளே மச்சானின் வண்டியை வாங்கிக்கொண்டு புறப்பட்டு விடுகிறோம். இருப்பது பதினைந்து நாள். பார்க்க வேண்டிய வீடுகள் இருபது. ஒவ்வொரு வீட்டிலும் சமைத்து வைத்துக் காத்திருப்பார்கள். இந்த அவசரத்தைத்தான் நான் ஆபத்து என்று சொல்கிறேன். ஊரில் இருப்பவர்கள் மழை கறுத்தால் ஏதாவது ஒரு கடைத் தாவாரத்தில் ஒதுங்கி, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, அது விட்ட பிறகுதான் போகிறார்கள். நனைந்துகொண்டு பறப்பது பெரும்பாலும் நாங்கள்தான்.

முதலில் பத்திரங்கள். வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி எடுக்கலாம், அல்லது சர்வதேச அனுமதிப்பத்திரத்துக்கு இலங்கையில் ஒப்புதல் பெறலாம். எதுவானாலும் அதில் மோட்டார் சைக்கிள் வகுப்பு இருக்க வேண்டும். கார் ஓட்டும் அனுமதியோடு மோட்டார் சைக்கிளில் ஏறி விழுந்தால், பயணக் காப்புறுதி கைவிட்டுவிடக்கூடும். புறப்படுமுன் காப்புறுதிப் பத்திரத்தில் அந்தப் பகுதியைத் தேடி வாசியுங்கள்.

வண்டியில் நான் முதலில் பார்ப்பது ரயர். இரவல் வண்டியின் பின் ரயர் பல நேரம் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். வெயிலில் அது தெரியாது. ஒரு ரூபாய்க் குற்றியைத் தவாளிப்புக்குள் விட்டுப் பாருங்கள். விளிம்பு இறங்கவே இடமில்லையென்றால் அன்றே கராஜுக்குக் கொண்டுபோய் மாற்றிக் கொடுங்கள், சொந்தக்காரருக்கும் அது உதவியாக இருக்கும். அடுத்தது பிரேக். ஊரில் ஓடும் ஸ்கூட்டிகளிலும் பழைய வண்டிகளிலும் பெரும்பாலும் இருப்பது டிரம் பிரேக். தேங்கிய வெள்ளத்துக்குள்ளால் போய் வெளியே வந்ததும் உள்ளே ஈரம் இருப்பதால் பிடி இருக்காது. கைப்பிடியை அழுத்துவீர்கள், வண்டி தன்பாட்டுக்குப் போகும். வெள்ளத்தைத் தாண்டியதும் பிரேக்கை மெல்லப் பிடித்தபடி நூறு மீற்றர் மெதுவாக ஓட்டுங்கள். சூட்டில் ஈரம் காயும், பிடி திரும்பி வருவது விரலிலேயே தெரியும். அதன்பிறகு வேகம் எடுக்கலாம்.

மழைக்கோட்டு சட்டையும் காற்சட்டையுமாக இரண்டு துண்டாக இருக்கட்டும். போர்வைபோல் தொங்குவது காற்றில் பாய்மரமாகிவிடும், சங்கிலிக்குள்ளும் போகும். பின்னால் இருப்பவர் குடை பிடிப்பது வேண்டவே வேண்டாம். கடவுச்சீட்டையும் போனையும் இரண்டு சொப்பின் பைக்குள் சுற்றி இருக்கைக்குக் கீழே வையுங்கள்.

மழை தொடங்கிய முதல் பத்து, பதினைந்து நிமிடங்கள்தான் வீதி அதிகம் வழுக்கும். தாரில் ஊறிய எண்ணெயும் தூசியும் கலந்து மேலே வரும். வலிகாமத்தில் இதற்கு மேல் செம்மண். தோட்டத்திலிருந்து ஏறும் உழவு இயந்திரம் சக்கரத்தில் ஒட்டிய மண்ணை வீதி நெடுக விட்டுச் செல்லும், நனைந்தால் அது சவர்க்காரம்தான்.

ஆலங்கட்டி மழை எங்கள் பக்கத்தில் அரிது. இந்த வெப்பநாட்டில் தண்ணீர் உறையும் குளிர் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே உறையும் கட்டிகளில் பெரும்பாலானவை கீழே வருமுன் கரைந்து, முகத்தில் கல்லெறிந்தாற்போல் அடிக்கும் பெருந்துளிகளாகிவிடும். எப்போதாவது கரையாமலே விழும், அது பின்னேரத்து இடிமழையோடுதான் வரும். விழுந்தால் வண்டியை ஓரம்கட்டிக் கூரைக்குக் கீழே போங்கள். ஹெல்மெற்றை மட்டும் கழற்ற வேண்டாம். சில நிமிடங்களில் நின்றுவிடும்.

இடி மின்னல்தான் பெரிய கவலை. ரயர் ரப்பர் என்பதால் மின்னல் தாக்காது என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்த ரப்பர் மின்னலுக்கு ஒரு தடையே இல்லை. குடாநாட்டுக்குத் தெற்கே வன்னி வயல்வெளி நடுவே போகும் வீதியில் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே உயரமானவர் வண்டியில் இருக்கும் நீங்களாக இருக்கலாம். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் முழக்கம் கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது, உடனே ஒதுங்குங்கள். கல்வீடு, கடை, நிற்கும் கார் எதுவும் சரி. பனைக்குக் கீழே மட்டும் நிற்காதீர்கள். தலை கருகிய பனைகளை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடைசி முழக்கத்துக்குப் பிறகு அரை மணித்தியாலம் பொறுங்கள்.

அடுத்தது காற்று. ஆனையிறவில் இரண்டு பக்கமும் வெறும் கடல்நீரேரி, வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. கிளிநொச்சி நோக்கிப் போகும்போது காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்து உங்களை வலப்பக்கம், எதிரே வாகனங்கள் வரும் பக்கத்துக்குத் தள்ளும். திரும்பி வரும்போது வேறொரு சிக்கல். வலப்பக்கக் காற்றுக்கு ஈடாக வண்டியைச் சற்று வலத்தே சாய்த்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். எதிரே வரும் பஸ் ஒரு கணம் காற்றை மறைக்கும். சாய்ந்திருந்த வண்டி அந்தக் கணத்தில் பஸ் பக்கமாகவே இழுபடும், பஸ் கடந்ததும் காற்று மறுபடி அறையும். பஸ்ஸைத் தூரத்தில் கண்டவுடனே வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் ஒதுங்கி, முழங்கால்களால் தாங்கியை இறுக்கிப் பிடியுங்கள். கைகளை இறுக்க வேண்டாம். பண்ணைப் பாலத்திலும் சங்குப்பிட்டியிலும் இதே கவனம் வேண்டும்.

வெள்ளம் குடாநாட்டில் ஒரு மாதிரி, வன்னியில் இன்னொரு மாதிரி. குடாநாட்டில் அது பெரும்பாலும் தேங்கி நிற்கும். ஒழுங்கையும் கானும் வளவும் ஒரே மட்டமாகத் தெரியும். கட்டு இல்லாத தோட்டக் கிணறுகளும் அந்த மட்டத்துக்குக் கீழே மறைந்திருக்கலாம். ஊர்க்காரர் ஒருவர் முன்னால் போகாத ஒழுங்கைக்குள் இறங்காதீர்கள். வண்டி தண்ணீருக்குள் நின்றுபோனால் திரும்பத் திரும்ப ஸ்ராட் பண்ணக் கூடாது. இயந்திரத்துக்குள் தண்ணீர் போயிருந்தால் அத்தோடு உள்ளே இருக்கும் தண்டு வளைந்து போகும். தள்ளிக்கொண்டு வெளியே வாருங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியைக் கண்டால் கிட்டப் போகாமல் மின்சார சபைக்கு 1987 இல் சொல்லுங்கள்.

வன்னியில் வெள்ளம் ஓடும். அதுவும் வெயில் எறிக்கும் நாளில் ஓடும். தெற்கே காட்டில் பெய்த மழை கனகராயன் ஆறு வழியாக இரணைமடுக் குளத்துக்கு வரும். குளம் நிரம்பினால் வான்கதவுகளைத் திறப்பார்கள். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது நாங்கள் பார்த்தது இதைத்தான். வானத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், காலையில் வானொலியில் வான்கதவுச் செய்தியைக் கேளுங்கள், அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 இல் அழைத்துக் கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன், பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு கிராம வீதியில் நான் நின்றேன். மதகுக்கு மேலால் கணுக்கால் அளவு தண்ணீர், தேநீர் நிறத்தில், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் சின்னம்மா வீட்டுக் கூரை தெரிந்தது. முதல் கியரைப் போட்டுவிட்டேன். சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு ஐயா வேலியோரத்திலிருந்து கை காட்டினார்.

"நில்லுங்கோ தம்பி. நடுவில ரோட்டு இல்லை."

கையிலிருந்த தடியை மதகின் நடுவே விட்டுக் காட்டினார். அவருடைய தோள் உயரத் தடி, பிடிவரை இறங்கியது. தாரின் அடியில் மண் அரித்துப் போயிருந்தது. மேலே தெரிந்த கணுக்கால் தண்ணீரில் அதற்கு ஓர் அடையாளமும் இல்லை.

ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே வளர்ந்த ஒருவரை விழுத்திவிடும், ஒரு அடி சிறிய காரை நகர்த்திவிடும். அன்று முதல் நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான்: அடி தெரியாத ஓட்டத்தில் இறங்குவதில்லை. சின்னம்மாவுக்குப் போனில் சொன்னேன். அடுத்த நாள் சுற்றிப் போனேன். இடியப்பம் அன்றும் இருந்தது.

மழைக்கால இரவுகளில் மாடுகள் ஈர நிலத்தை விட்டுச் சூடான தார் வீதிக்கு வந்து படுத்துவிடும், கறுப்பு மாடு ஹெட்லைற்றில் கடைசி நொடியில்தான் தெரியும். மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானையும் இறங்கும். ஆறு மணிக்குப் பிறகு வன்னியில் வண்டி எடுக்காதீர்கள், இருக்கிற வீட்டிலேயே படுத்து எழும்புங்கள். விபத்து நடந்தால் 1990 அம்புலன்ஸ் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வெள்ளத்தில் கால் வைத்தால் வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், காலில் காயமிருந்தால் இறங்கவே வேண்டாம். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களும் போயின. அந்தக் கிருமி உடம்பில் ஏறிக் காய்ச்சலாக வெளிப்பட ஒன்று, இரண்டு வாரம், சிலருக்கு ஒரு மாதம் வரை ஆகும். நீங்கள் அதற்குள் ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ திரும்பியிருப்பீர்கள், அங்குள்ள வைத்தியர் பனிக்காலத்துச் சளிக்காய்ச்சல் என்று நினைக்கக்கூடும். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் இருந்தால், இலங்கையில் வெள்ளத்துக்குள் இறங்கினேன் என்று முதல் வசனத்திலேயே அவரிடம் சொல்லுங்கள்.