எண்ணெய் பூசியும் வறட்சி நீங்காதது ஏன்?

மார்கழிக் காலையில் முழங்காலுக்குக் கீழே நகத்தால் மெல்லக் கீறினால் வெள்ளைக் கோடு விழும். அதைக் கண்டதும் தேங்காய் எண்ணெயைத் தேடுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். வழக்கத்தில் பிழையில்லை, பூசும் நேரத்தில்தான் பிழை இருக்கிறது. குளித்துத் துவட்டி, உடை மாற்றி, வேலைகளை முடித்த பின்னர், காய்ந்து இறுகிவிட்ட தோலின்மேல் எண்ணெய் தடவுவோர் பலர். எண்ணெயில் நீர் கிடையாது. ஆகவே அது தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை; ஏற்கெனவே இருக்கும் ஈரம் ஆவியாகிவிடாமல் தடுக்கவும், செதில்களுக்கிடையே படிந்து சொரசொரப்பைக் குறைக்கவும் மட்டுமே செய்கிறது. துண்டால் ஒற்றியெடுத்த உடனே, தோலில் ஈரப்பசை இருக்கும் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் சில துளிகளைப் பரவலாகத் தேய்ப்பதே சரியான முறை. உள்ளங்கை நிறைய ஊற்றிக்கொள்வதால் சட்டையில் கறை படிவதைத் தவிர வேறு பயனில்லை.

இதன் மறுபக்கம் எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெய் தேய்த்து ஊறிய பிறகு, பிசுக்கு போகவேண்டும் என்று சீயக்காய்த் தூளையும் சோப்பையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்த்து, சுடச்சுட வெந்நீர் ஊற்றினால், பூசிய எண்ணெயோடு தோல் தானாகச் சுரந்து வைத்திருந்த கொழுப்பும் கரைந்து போய்விடுகிறது. தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. சாதாரண சோப்போ காரத்தன்மை உடையது. குளித்த அன்று மாலையே தோல் இழுத்துப் பிடிப்பதற்குக் காரணம் எண்ணெய் அன்று, அதைக் கழுவிய விதம்.

எல்லாத் தாவர எண்ணெய்களும் ஒன்றே என்பதும், விலை கூடியது மேலானது என்பதும் அடுத்த தவறுகள். ஓலிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் தோலின் பாதுகாப்புப் படலத்தைத் தளர்த்துவதாகவும், லினோலிக் அமிலம் என்னும் வேறொரு கொழுப்பு அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்வதில்லை என்றும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2013இல் காட்டியது. குழந்தைகளுக்கு ஆலிவ் எண்ணெய் தேய்ப்பதைப் பெருமையாகக் கருதுவோர் இதைக் கவனிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய், வறண்ட சருமத்துக்குக் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய்க்கு இணையாகப் பயன்பட்டதாக 2004இல் பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வு தெரிவித்தது. தலையில் உதிரும் வெள்ளைச் செதில்களை மட்டும் வறட்சி என்று எண்ணி எண்ணெயை ஊற்றாதீர்கள். அது பொடுகாக இருந்தால் எண்ணெய் அதை வளர்க்கவே செய்யும்.

வைட்டமின் ஏ விஷயத்தில் குழப்பம் இன்னும் பெரிது. கேரட் எண்ணெய்ப் புட்டியின்மேல் ‘வைட்டமின் ஏ நிறைந்தது’ என்று அச்சிட்டிருந்தாலும், தாவரங்களில் அந்த வைட்டமினின் நேரடி வடிவமான ரெட்டினால் கிடையாது. இருப்பது கரோட்டின் என்னும் நிறமி. உணவாக உட்கொள்ளும்போது அதைப் பெரும்பாலும் குடல்தான் வைட்டமினாக மாற்றுகிறது. அதற்கும் கொழுப்பு துணை வேண்டும் என்பதால், முருங்கைக்கீரைப் பொரியலில் ஒரு கரண்டி எண்ணெய் விடுவது, அதே கீரையை அரைத்து முகத்தில் அப்புவதைவிட அறிவுடைய செயல்.

ரெட்டினால் கிரீம் முற்றிலும் வேறு பொருள். அது தோலுக்கு ஊட்டம் தருவதற்கானது அன்று. தோல் செல்கள் புதுப்பிக்கப்படும் வேகத்தைக் கூட்டுவது. ஆகவே முதல் சில வாரங்களில் தோல் சிவந்து, உரிந்து, முன்பைவிட வறண்டு போகக்கூடும். வறட்சியைப் போக்க அதை வாங்கி, முதல் நாளே காலையும் இரவும் தடவுவது புண்ணில் உப்பைத் தேய்ப்பது போன்றது. சுருக்கத்துக்காகவோ நிறத்திட்டுகளுக்காகவோ பயன்படுத்த விரும்பும் வறண்ட சருமத்தினர், மாய்ஸ்சரைசர் பூசிய பிறகு, முகம் முழுமைக்கும் பட்டாணி அளவில், வாரத்துக்கு இரண்டு இரவுகள் என்று தொடங்கலாம்; பகலில் சன்ஸ்கிரீன் அவசியம். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயல்வோரும் இதைத் தொடக்கூடாது. இதைவிட வீரியமான வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினாயினை மருந்துக்கடையில் கேட்டு வாங்காமல், மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

மாத்திரைகளிலோ ஆபத்து கூடுதல். கொழுப்பில் கரையும் வைட்டமின் ஏ சிறுநீரில் வெளியேறிவிடாமல் கல்லீரலில் சேர்கிறது. ஒரு நாளைக்குப் பெண்களுக்கு 700, ஆண்களுக்கு 900 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. ரெட்டினால் வடிவில் 3,000 என்பது உச்ச வரம்பு. மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையோடு பலவைட்டமின் மாத்திரையையும் தினமும் விழுங்குகிறவர் இரண்டு அட்டைகளிலும் உள்ள அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். மிகையானாலும் தோல் வறளும், உதடு வெடிக்கும், முடி கொட்டும். அதைக் குறைபாடு என்று எண்ணி இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்வோரும் உண்டு.

முழங்கையிலும் முழங்காலிலும் தவளைத் தோல்போல முட்கள் எழும் குழந்தைகளுக்கு உண்மையான சத்துக்குறைவு இருக்கலாம். அதை மருத்துவரே தீர்மானிக்கட்டும். பெரியவர்களுக்கு, குளித்தவுடன் எண்ணெய் பூசியும் ஒரு மாதத்தில் வறட்சி தணியவில்லை என்றால், எண்ணெயை மாற்றுவதற்கு முன் தைராய்டையும் சர்க்கரையையும் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது.