முதலீட்டு ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குவது எப்படி?

வெளிநாட்டு நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் போட்டால் எத்தனை கோடி, எத்தனை வேலை என்பதுதான் செய்தியாகும். நிலம் என்ன விலைக்குப் போனது, மானியம் எவ்வளவு என்பது கோப்பில் கிடக்கும். அது நம் பணம், கேட்டு வாங்கலாம்.

தமிழ்நாட்டில், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 6(1)-இன்கீழ் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தொழில் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகையுடன் அனுப்புங்கள். நிலம், அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கொடுத்ததென்றால் அங்கே தனி மனு.

பெரும்பாலான மனுக்கள் கேள்வியிலேயே தோற்கின்றன. "ஏன் சலுகை கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. "இன்ன தேதியிட்ட ஒப்பந்தம், அரசாணை, நில ஒதுக்கீட்டு ஆணை ஆகியவற்றின் நகல்" என்று கேளுங்கள்.

"வணிக ரகசியம்" என்று அதே சட்டத்தின் பிரிவு 8(1)(d)-யைக் காட்டி மறுப்பார்கள். அதே உட்பிரிவு பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்கிறது. ரகசியப் பகுதியை மறைத்து மீதியைத் தரப் பிரிவு 10 இருக்கிறது. இரண்டையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

30 நாளில் பதில் இல்லையா? அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அங்கும் மறுத்தால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.